நாலு பேர் கொடுத்த பிரசவ வண்டி

தென்காசிக்கு நான் மிட்வைஃப் வேலைக்கு வந்தபோது யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. சம்பளம் கொடுத்தது பஞ்சாயத்து போர்டு. தொழில் சொல்லிக் கொடுத்தது மிஷன் ஆஸ்பத்திரி. அதனால் போர்டு ஆபீஸில் என்னை மிஷன் ஆள் என்றார்கள். மிஷனில் போர்டு ஆள் என்றார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் இந்த வம்பில் இறங்காமல் ‘நர்ஸம்மா’ என்று கூப்பிட்டார்கள். கல்யாணமான வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அப்பா வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்க மனமில்லாமல் இந்தப் படிப்புக்குப் போனவள் நான். யார் எப்படிக் கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

வந்த முதல் ஆனி மாதத்திலேயே அது நடந்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்து, அருவி நிறைய விழுந்துகொண்டிருந்தது. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காரும் குதிரை வண்டியுமாக ஜனம் வந்து குவிந்த நேரம். ஒரு மத்தியானம், நாலு ஆள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தென்காசி மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். கட்டிலில், நனைந்த சாக்குக்குக் கீழே, பிரசவ வேதனையில் ஒரு பெண். ஐந்தருவிப் பாதையோரக் குடிசையில் இருப்பவள். புருஷன் அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆள். அவன்தான் கட்டிலின் முன்காலைத் தோளில் வைத்திருந்தான்.

அவன் காலையிலிருந்தே வண்டி கேட்டு அலைந்திருக்கிறான். குற்றாலத்தில் அன்றைக்கு வண்டிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வலியெடுத்த பொம்பளையை ஏற்றினால் அப்புறம் அந்த வண்டியில் எந்தக் குளியல்காரன் ஏறுவான் என்று ஒவ்வொரு வண்டிக்காரனும் கையை விரித்துவிட்டான். கடைசியில் கட்டிலைத் தூக்கிக்கொண்டு, வழுக்கும் ரோட்டில், நின்று நின்று வந்து சேர்ந்தார்கள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

சாயந்தரம் அவன் என்னிடம் வந்து கேட்டான்: “ஒரு வண்டி கெடச்சிருந்தா பிள்ள பொழச்சிருக்குமா நர்ஸம்மா?”

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா முந்திக்கொண்டாள். அவள் வெள்ளைக்காரி. வேதப் புத்தகத்தைப் படித்துத் தமிழ் கற்றவள். பேசினால் அச்சடித்த மாதிரி இருக்கும். பொய் சொல்ல அவளுக்கு எந்தப் பாஷையிலும் வராது.

“பிழைத்திருக்கும்” என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கட்டிலை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாளே நான் இலஞ்சியில் போர்டு பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனேன். பெரிய நிலக்காரர், நல்ல மனுஷர். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அதனாலேயே அவரிடமிருந்து எதுவும் கிடைப்பது கஷ்டம். குற்றாலத்திலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு மாட்டு வண்டி தனியாக வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

“வண்டிதான? அது என்ன பெரிய காரியம்” என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. “ஆனா ஒண்ணு கேளுங்க நர்ஸம்மா. போர்டு மட்டும் குடுத்தா அது போர்டு வண்டி. நாலு பேரு சேந்து குடுத்தா அது பொதுநலம். சுகாதார விஷயத்துல எல்லாத் தரப்பும் ஒத்துழைக்கணும்னு மேல இருந்தும் சொல்லுதாவ. அதனால மொதல்ல ஒரு கமிட்டி போட்டுருவோம்.”

“கமிட்டி எதுக்குங்க? வண்டி ஒண்ணு போதுமே.”

“வண்டி எங்க ஓடிரப் போவுது? கமிட்டி இருந்தா வண்டி தானா வரும்.”

இப்படித்தான் எங்கள் ஊரில் கூட்டுச் சுகாதாரக் கமிட்டி பிறந்தது. போர்டு சார்பில் பிரசிடெண்ட். கோயில் சார்பில் தர்மகர்த்தா; ஆசாரத்தில் கெட்டியானவர், மற்றபடி பரம சாது. வியாபாரிகள் சங்கத்தின் சார்பில் ஒரு நெல் மண்டி முதலாளி. ஊரே அவரை மண்டி அண்ணாச்சி என்றுதான் சொல்லும். மிஷன் சார்பில் டாக்டரம்மா. நான் அங்கத்தினர் இல்லை. விஷயம் தெரிந்த ஒருத்தராவது பக்கத்தில் இருக்கட்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள்.

முதல் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் சங்கடம் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தால் தர்மகர்த்தா வரமாட்டார். கோயில் மண்டபத்தில் வைத்தால் டாக்டரம்மா வரமுடியாது. மண்டியில் வைத்தால் பிரசிடெண்டுக்குக் கௌரவக் குறைச்சல். போர்டு ஆபீஸ் என்றால், வீட்டு வரித் தகராறு தீரும்வரை அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று மண்டி அண்ணாச்சி சபதம் செய்திருந்தார். இதற்குள் சாரலும் நன்றாக இருந்தது. எல்லாருக்கும் பொதுவாகக் குற்றாலத்திலேயே, அருவிக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் வைத்துக்கொள்வோம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. அந்தக் கமிட்டி சண்டையில்லாமல் எடுத்த முதல் தீர்மானம் அது.

நானும் டாக்டரம்மாவும் சொன்ன நேரத்துக்குப் போய் முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். கனவான்கள் மூவரும் பின்கட்டில் மனைப்பலகை போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அருவிக்குப் போகுமுன் எண்ணெய் ஊற வேண்டும். ஊறுகிற நேரத்தை வீணாக்காமல் கூட்டத்தை நடத்திவிடலாம் என்று பிரசிடெண்ட் சொல்லியனுப்பினார். இடையில் ஒரு சுவரும் ஒரு ஜன்னலும். ஜன்னலில் ஒரு வேஷ்டியைத் திரையாகக் கட்டினார்கள். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் எண்ணெய். கூட்டம் தொடங்கிற்று.

“நம்ம பக்கத்து ஏழைப் பொம்பளைங்க பிரசவத்துக்குப் படுத பாடு இருக்கே” என்று பிரசிடெண்டின் குரல் கேட்டது. நடுவில் யாரோ தலையில் தாளம் போடுகிற சத்தம். “ஏலே, மெதுவாத் தட்டுலே. போன வாரம்கூட ஒரு எண்ணெய் தேய்க்கிறவன் பொண்டாட்டியக் கட்டில்ல தூக்கிட்டுப் போனாவளாம். பிள்ள செத்துட்டு. பாவம்.”

“யாரு, எவன் பொண்டாட்டி?” என்றார் மண்டி அண்ணாச்சி.

“எம் பொண்டாட்டிதாங்கய்யா” என்றது இன்னொரு குரல். தாளம் நின்றுவிட்டது.

  டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு பிரசிடெண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்படியா, நல்லதாப் போச்சு. நேர்ல தெரிஞ்ச ஆளு இருக்கது கமிட்டிக்கு உபகாரம். நீ தேய்லே, தேய்” என்றார். தாளம் மறுபடியும் கேட்டது, முன்னைவிடக் கொஞ்சம் பலமாகவே.

அன்றைக்கு இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. முதலாவது, பங்களாவையும் பலகாரத்தையும் கொடுத்து உதவிய மண்டி அண்ணாச்சிக்கு நன்றி. இரண்டாவது, வண்டியைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவது.

அந்த வருஷச் சாரல் முடிவதற்குள் கூட்டங்கள் வரிசையாக நடந்தன. சாரல் நின்று வெயில் அடித்ததும் கூட்டமும் நின்றது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், ஐப்பசி மழை முடிவதற்குள் வண்டி நிஜமாகவே வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் தங்களுக்கு வேண்டாததைக் கொடுத்தார்கள் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் பாதிதான் உண்மை.

வண்டி போர்டுடையது. அதுவரை தெருக்குப்பை அள்ளியது. ஆற்றில் இறக்கி வைக்கோலும் மண்ணும் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். வாடை போய்விட்டது என்று பிரசிடெண்ட் சொன்னார். அவருக்கு மூக்குப்பொடி போடும் பழக்கம் உண்டு.

மாடு கோயில் உபயம். நல்ல உயரமான வெள்ளைக் காளைகள், சாதுவானவை. ஆனால் திருவிழாவில் சுவாமி சப்பரம் இழுப்பதைத் தவிர வேறு வேலை அறியாதவை. வலியெடுத்தவளை ஏற்றிய வண்டியை இழுத்தால் அவற்றுக்குத் தீட்டு ஆகாதா என்று தர்மகர்த்தா கவலைப்பட்டார். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் மாடுகளை அருவித் தண்ணீரில் குளிப்பாட்டிவிடலாம் என்று கமிட்டி தீர்வு கண்டது. ஆக, அந்த ஏற்பாட்டில் குளியல் கிடைக்காமல் போனது எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான்.

மேல் கூண்டும் வண்டிக்காரரும் வியாபாரிகள் சங்கம். வண்டிக்காரர் மண்டியில் ரொம்ப காலம் இருந்தவர். மூட்டைமேல் படுத்துத் தூங்குவதில் கைதேர்ந்தவர். மெத்தையும் அரிக்கன் லாந்தரும் மிஷன் கொடுத்தது.

அடுத்து, யார் பெயரை வண்டியில் எழுதுவது என்று கிளம்பிற்று. கூண்டின் இரண்டு பக்கமும் ‘வியாபாரிகள் சங்கம் உபயம்’ என்று அண்ணாச்சி ஏற்கெனவே எழுதிவிட்டார். பின்பக்கப் பலகையில் போர்டு பெயர். மிஷன் மேலிடத்தார் ஒரு வேத வசனம் எழுதச் சொன்னார்கள். அதை வெளியில் எழுதத் தர்மகர்த்தா சம்மதிக்கவில்லை. கடைசியில் வசனம் கூண்டுக்கு உட்புறம் உச்சியில், படுத்திருப்பவள் கண்ணுக்கு நேராக எழுதப்பட்டது. அதற்கு ஈடாக மாடுகளின் நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. வருகிறவர்களில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். “உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்லா” என்றார் அண்ணாச்சி.

வண்டி இப்படித் தயாராகிக் குற்றாலத்தில் ஒரு கொட்டகையில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

அதை எடுக்க வேண்டுமென்றால் போர்டில் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். சீட்டைக் காட்டினால் கோயிலில் மாட்டை அவிழ்த்து விடுவார்கள். மண்டிக்குச் சொல்லியனுப்பினால் வண்டிக்காரர் தென்காசியிலிருந்து வருவார். ஆஸ்பத்திரியில் கட்டில் காலி என்று டாக்டரம்மா எழுதித் தரவேண்டும். “இது எதுக்குங்க இவ்வளவு?” என்று கேட்டேன். “இதுக்குப் பேருதான் ஒத்துழைப்பு” என்றார் பிரசிடெண்ட். அந்தச் சீட்டைக்கூட யாரும் கேட்கமுடியாதபடி இன்னொரு தடை இருந்தது. வண்டிக்கு இன்னும் திறப்பு விழா ஆகவில்லை. ஜில்லாப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து திறந்து வைப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவர் குற்றாலத்துக்குச் சாரலில்தான் வருவார். சாரலுக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

அந்த மாதங்களில் பிள்ளை பிறப்பது நின்றுவிடவில்லை. கட்டில்கள் வழக்கம்போலத் தோளில் வந்துகொண்டுதான் இருந்தன. வண்டிக் கொட்டகையைத் தாண்டித்தான் அந்தக் கட்டில்கள் வரவேண்டும். தாண்டும்போது தூக்கி வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்களாம், புது வண்டி எவ்வளவு அழகு என்று.

அடுத்த ஆனியும் வந்தது, சாரலும் வந்தது. அதிகாரியும் வந்தார். குற்றாலம் கடைத்தெருவில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு வண்டியை நடுவில் நிறுத்தினார்கள். குறுக்கே ஒரு சிவப்புப் பட்டு நாடா. வெள்ளித் தட்டில் வெள்ளிக் கத்தரிக்கோல். நாயனமும் தவிலும் ஒரு ஓரத்தில் தயாராக நின்றன. அதிகாரியை அழைத்துவரப் பிரசிடெண்டின் கார் காலையிலேயே பங்களாவுக்குப் போயிருந்தது. டாக்டரம்மா சைக்கிளில் வந்து, சேலையில் தெறித்த சேற்றைத் துடைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அதிகாரி வரவில்லை. அருவிக் குளியலுக்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார் என்று செய்தி வந்தது. வெகுநேரம் கழித்து, எண்ணெய் தேய்த்த ஆள்தான் வந்தான். அதே ஆள். கையெல்லாம் எண்ணெய், மேல்மூச்சு வாங்கிற்று.

“நர்ஸம்மா, வலி எடுத்துட்டு. போன தடவ மாதிரியே கிடக்கா.”

“அதிகாரி எங்கலே?” என்றார் பிரசிடெண்ட்.

“ஒரு பக்கம் தேய்ச்சிருக்கு ஐயா. மறுபக்கம் பாக்கி. ஆளு வந்து சொன்னதும் விட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

நானும் டாக்டரம்மாவும் அவன் பின்னாலேயே ஓடினோம். குடிசையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கை வைத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மாவும் பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இரண்டு உயிரும் தப்பலாம். இங்கே வைத்து என்னால் ஒன்றும் செய்ய இயலாது” என்றாள். அக்கம்பக்கத்து ஆட்கள் கட்டிலில் அவளைத் தூக்கி வந்து பந்தலில், வண்டிக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள்.

“வண்டியை எடுங்க” என்றேன்.

பிரசிடெண்ட் ரொம்பவும் சங்கடப்பட்டார். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. “அவசரம் எனக்குத் தெரியாமலா நர்ஸம்மா? ஆனா அவுக வாற நேரம். நாடா வெட்டாம வண்டி நகந்தா, இத்தன நாள் பட்ட பாடெல்லாம் பாழாப் போயிருமே.”

“மாடு ரெண்டும் குளிச்சு விபூதி பூசி நிக்கு” என்றார் தர்மகர்த்தா. “விழாவுக்கு முன்னாலேயே தீட்டுப் பட்டா எப்படி?”

“வண்டிக்காரன் சாப்பிடப் போயிருக்கான். வந்ததும் நானே அனுப்பிவைக்கேன்” என்றார் மண்டி அண்ணாச்சி.

“உங்கள் கார்?” என்று டாக்டரம்மா கேட்டாள். கார் பங்களாவில் நின்றது. அதன் டிரைவர் அருவிக்குக் குளிக்கப் போயிருந்தான்.

டாக்டரம்மா பிரசிடெண்ட் முன்னால் போய் நின்றாள். “ஐயா, விழா இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது” என்றாள்.

பிரசிடெண்ட் கார் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவள் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “எக்கா, இதுவும் போயிருமோ?” என்றாள். அதுவரை என்னை அவள் அக்கா என்று கூப்பிட்டதில்லை.

நான் என் பையைத் திறந்து, தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன். நேரே போய் நாடாவை வெட்டினேன். நல்ல பட்டு, ஒரே வெட்டில் போகவில்லை, இரண்டாம் தடவை அழுத்தி வெட்டவேண்டியிருந்தது.

 நாயனக்காரருக்கு நாடா அறுந்தால் ஊதவேண்டும் என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. யார் அறுக்கவேண்டும் என்று சொல்லப்படவில்லை. அவர் ஊத ஆரம்பித்தார். தவில் சேர்ந்துகொண்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நாங்கள் அவளை மெத்தைக்கு மாற்றி ஏறி உட்கார்ந்தோம். புருஷனே மாட்டைப் பூட்டி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

மாடு அசையவில்லை. அதட்டினான், அசையவில்லை. வாலை முறுக்கினான். தலையைத் திருப்பி மேளத்தைப் பார்த்ததே தவிர ஓரடி எடுத்து வைக்கவில்லை.

தர்மகர்த்தாதான் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: “அதுக மேளத்துக்குப் பின்னாலதான் போவும். அப்படித்தான் பழக்கம்.”

நான் கூண்டிலிருந்து தலையை நீட்டி, “நாயனக்காரரே, முன்னால நடங்க” என்றேன். அவர் நடந்தார். மாடும் நடந்தது, சுவாமி புறப்பாடு மாதிரி ஆடி அசைந்து. அந்த நடையில் போனால் தென்காசி போய்ச் சேர விடிந்துவிடும்.

“ஓடுங்க!” என்று கத்தினேன்.

“ஓடிக்கிட்டே எப்படிம்மா ஊதுதது?”

“அப்ப ஊதவேண்டாம். தவில் மட்டும் போதும்.”

“நாயனம் இல்லாம தவில் மட்டுமா? எங்க வம்சத்துக்கே கேவலம்” என்று சொல்லிவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே ஊதினார். அது எந்த ராகம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அன்றைக்கு அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தவில்காரர் பின்னாலேயே குலுங்கிக் குலுங்கி அடித்துக்கொண்டு ஓடினார். மாடுகளும் ஓடின. வண்டிக்குப் பின்னால், நனைந்த அங்கவஸ்திரத்தோடு பிரசிடெண்டும் தர்மகர்த்தாவும் மண்டி அண்ணாச்சியும் ஓடிவந்தார்கள். கவலைப்பட்டு ஓடிவந்தார்களா, ஒருவரை ஒருவர் முன்னால் விட்டுவிடக்கூடாது என்று ஓடிவந்தார்களா என்று நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ரோட்டோர வீடுகளில் என்னவோ சாமி வருகிறதென்று நினைத்துவிட்டார்கள். இலஞ்சிக்குப் பிரிகிற முக்கில் ஓர் அம்மாள் கற்பூரத் தட்டோடு குறுக்கே வந்து நின்றாள். தட்டைக் கண்டதும் மாடுகள் வழக்கப்படி நின்றுவிட்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சமயம் உள்ளே இருந்தவள் அலறினாள். அந்த அம்மாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, பிள்ளத்தாச்சியா!” என்று தட்டை அப்படியே சாரலில் கவிழ்த்துவிட்டு, வண்டியின் பின்பலகையில் கைகொடுத்துத் தள்ளினாள். தெருவில் நின்ற மற்றப் பெண்களும் வந்து தள்ளினார்கள். மேளம் மறுபடியும் ஓடிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் நாயனக்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா உள்ளே போய்க் கையைக் கழுவி, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தாள். விளக்கு பிடித்தது நான். முதலில் பிள்ளை அழவில்லை. முதுகைத் தடவி, வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து என்னென்னவோ செய்தேன். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வெளியே போய் அவனிடம் சொன்னேன். எண்ணெய்க் கையை வேஷ்டியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அதிகாரியை ஏற்றிக்கொண்டு பிரசிடெண்டின் கார் வந்தது. பந்தலில் அறுந்த நாடாவைத் தவிர யாருமில்லாததைக் கண்டு விசாரித்து வந்திருக்கிறார். நடந்ததைப் பிரசிடெண்ட் கைகட்டி நின்று சொன்னார். அதிகாரி யோசித்தார். “போட்டோக்காரன் வந்திருக்கானா?” என்று கேட்டார். வந்திருந்தான். ஆஸ்பத்திரி கேட்டின் குறுக்கே வேறொரு நாடாவைக் கட்டச் சொல்லி அதை வெட்டினார். போர்டு, கோயில், வியாபாரிகள், மிஷன் ஆகிய நான்கு தரப்பும் கைகோத்தால் என்னவெல்லாம் சாதிக்கலாம் என்று வெகுநேரம் பேசினார். உள்ளே நாங்கள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து முடிக்கும்வரை அந்தப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வந்தன. அனுமதியில்லாமல் நாடாவை வெட்டிய நர்ஸைக் கண்டிப்பது ஒன்று. தக்க சமயத்தில் வண்டியை அனுப்பித் தாயையும் சேயையும் காப்பாற்றிய கமிட்டி தன்னைத்தானே பாராட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. டாக்டரம்மா இரண்டுக்கும் கை தூக்கவில்லை, பக்கத்தில் இருந்து நானே பார்த்தேன். பிறகு ஏகமனது எப்படி என்று கேட்டால், திரைக்கு இந்தப் பக்கம் யார் கை தூக்கினார்கள் என்று அந்தப் பக்கம் யாருமே பார்க்கவில்லையாம்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நாலு தரப்பிலிருந்தும் ஆளுக்கொரு பெயர் சொல்லியனுப்பினார்கள். எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டு, தகப்பன் தன் அம்மா பெயரை வைத்தான்.

அதற்குப் பிறகு அந்த வண்டி நன்றாகவே ஓடிற்று என்பதைச் சொல்லவேண்டும். அனுமதிச் சீட்டு விதியை யாரும் ரத்து செய்யவில்லை. நர்ஸம்மா வெட்டிவிட்டாள், இனிமேல் கேட்கவேண்டியதில்லை என்று ஜனங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். வலி எடுத்தால் புருஷன்மார் கோயில் மாட்டை அவிழ்த்துவந்து, நேரே கொட்டகையில் பூட்டி ஓட்டிவந்தார்கள். மேளத்துக்குப் பதிலாக ஒரு மண்ணெண்ணெய் டின்னும் குச்சியும் வண்டியிலேயே கிடந்தன. ஒருத்தர் முன்னால் தட்டிக்கொண்டு ஓடினால் மாடு பின்னால் வந்துவிடும். டின் சத்தம் கேட்டதுமே ஆஸ்பத்திரியில் வெந்நீர் வைத்துவிடுவோம். மண்டி வண்டிக்காரரைக் கூப்பிட யாரும் போகவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்கினார். கமிட்டி சாரல்தோறும் கூடி, வண்டியை எப்படி உபயோகத்துக்குக் கொண்டுவருவது என்று தொடர்ந்து ஆலோசித்துவந்தது.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போன காலத்தில், இலஞ்சியில் பிரசிடெண்டின் மருமகளுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம், பெண் பயந்துபோயிருந்தாள். கார் ஷெட்டில் சும்மா நின்றது. அவரே ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“நர்ஸம்மா, அந்த வண்டிய எடுக்கணும்னா யார்கிட்ட சீட்டு வாங்கணும்?”

அந்த விதியைப் போட்டதே அவர்தான். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை.

“யார்கிட்டயும் வேண்டாம்ங்க. வண்டிக்கு ஆள் அனுப்பியாச்சு, வந்துக்கிட்டிருக்கு. நீங்க டின்ன எடுத்துக்கிட்டு முன்னால நடங்க” என்றேன்.

நடந்தார். எங்கள் போர்டு பிரசிடெண்ட், பட்டு அங்கவஸ்திரத்தோடு, மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு தென்காசி ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனார். பார்த்தவர்கள் சிரிக்கவில்லை, அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஒதுங்கி வழிவிட்டார்கள். பேரன் நல்லபடியாகப் பிறந்தான்.

அடுத்த கூட்டத்தில் பிரசிடெண்ட் எழுந்து, அந்த வண்டியின் மெத்தை கல் மாதிரி இருக்கிறது, பிள்ளைத்தாச்சிகளை இதில் படுக்கவைக்கலாமா என்று கோபமாகப் பேசினார். புதுசாக இலவம் பஞ்சு மெத்தை போடுவதென்று தீர்மானமாயிற்று. நான் அறிய அந்தக் கமிட்டி போட்ட தீர்மானங்களில் சொன்னபடி நிறைவேறியது அது ஒன்றுதான். மெத்தை மறுநாளே அவர் வீட்டிலிருந்து வந்தது. நல்ல கனமான மெத்தை. அங்கிருந்து எனக்கு மாற்றல் வரும்வரை எத்தனையோ பெண்களை அதில் படுக்கவைத்துக் கூட்டிவந்தேன்.